தூதரகத்துக்கு எழுதும் மனு

ராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில், தங்கச்சிமடத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்பதைக் கொண்டே இரவில் கடலில் என்ன நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும் முன்பே வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் போன படகை இரவில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கணவருடைய ஆதார் அட்டை, மீனவர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, படகின் உரிமையாளர் கொடுத்தனுப்பிய பதிவுச் சான்றின் நகல். "எத்தனை காப்பி வேணும்னு நீங்களே பாத்து எடுங்கண்ணே. தூதரகத்துக்கு ஒரு மனு எழுதணும். அவுகளை உடனே விடச் சொல்லி எழுதுங்க" என்றார்.

மனு எழுதுவதும் என் கடையின் வேலைதான். 18 ஆண்டுகளாக எழுதுகிறேன். தொடக்க காலத்தில் இப்படிப்பட்ட மனுக்களையெல்லாம் கலெக்டருக்கு எழுதும் தோரணையிலேயே எழுதிவந்தேன். 'தாங்கள் உடனடியாகத் தலையிட்டு என் கணவரை விடுதலை செய்ய ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பேன். படிக்க உருக்கமாக இருக்கும். கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஒரு தெம்பு கிடைக்கும். ஆனால் அந்த மனு யாருக்குப் போகிறதோ அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. எந்தத் தூதரக அலுவலரும் அயல்நாட்டுச் சிறையின் பூட்டைத் திறக்க முடியாது. அவர் செய்யக்கூடியவை வேறு சில. அவற்றை மனுவில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

குழப்பத்தின் ஒரு பகுதி சொல்லிலேயே இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் 'தூதரகம்' என்கிறோம். ஒரு நாட்டின் அரசுக்கும் இன்னொரு நாட்டின் அரசுக்கும் இடையில் பேசுகிறவர் தூதர். அவர் தலைநகரத்தில் இருப்பார். காமன்வெல்த் நாடுகளுக்கு இடையில் அவருக்கு ஹைகமிஷனர் என்று பெயர். ஆகவே கொழும்பில் இருப்பது இந்திய ஹைகமிஷன். கான்சல் என்பவரின் வேலை பெரும்பாலும் மக்களோடும், வணிகத்தோடும், கப்பல்களோடும், காகிதங்களோடும். அவர் தலைநகரத்துக்கு வெளியிலும் இருப்பார். யாழ்ப்பாணத்தில் 2010 நவம்பரில் திறக்கப்பட்ட இந்திய அலுவலகம் கான்சல் ஜெனரலுடையது. நம் நாளிதழ்கள் அதையும் 'துணைத் தூதரகம்' என்று எழுதும். சென்னையில் உள்ள இலங்கையின் துணை ஹைகமிஷனையும் அதே சொல்லால் எழுதும். இதனால், யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கும் மகனுக்காகச் சென்னையிலுள்ள இலங்கை அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த தகப்பனார்களை நான் அறிவேன். அந்த அலுவலகம் இலங்கைக் குடிமக்களுக்கானது. நம் ஆளைப் போய்ப் பார்க்க வேண்டிய பொறுப்பு நம் அலுவலகத்துடையது.

அந்தப் பொறுப்பு வெறும் கருணையால் வந்ததன்று, எழுதப்பட்ட சட்டத்தால் வந்தது. 1963இல் வியன்னாவில் கான்சல் உறவுகள் பற்றிய உடன்படிக்கை ஒன்று உருவானது. 1967இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1977இல் அதில் சேர்ந்தது. அதன் 5ஆவது பிரிவு கான்சலின் கடமைகளை 13 உட்பிரிவுகளாகச் சொல்கிறது: தன் நாட்டு மக்களின் நலனைக் காப்பது, வணிகத்தை வளர்ப்பது, பாஸ்போர்ட்டும் விசாவும் கொடுப்பது, நோட்டரி போலவும் பதிவாளர் போலவும் செயல்படுவது, வாரிசுரிமை விஷயங்களைக் கவனிப்பது, சிறுவர்களின் நலனைப் பார்ப்பது என்று அந்தப் பட்டியல் போகிறது. தன் நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களுக்கும் அவற்றின் சிப்பந்திகளுக்கும் உதவுவதும் அதில் உண்டு. 37ஆவது பிரிவின்படி, ஓர் அயல்நாட்டுக் கப்பல் உடைந்தாலோ தரைதட்டினாலோ, அந்தக் கரையின் அதிகாரிகள் அருகிலுள்ள கான்சல் அலுவலகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். பாக் நீரிணையைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு ஏன் எழுதப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கான்சல் என்ற பதவி முதலில் வணிகர்களுக்காகத்தான் தோன்றியது. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் தங்கிய அயல்நாட்டு வணிகர்களின் வழக்குகளைத் தீர்க்க அவர்களுக்குள்ளேயே ஒருவர் இருந்தார். நம் பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைக்கின்றன. அங்கே வந்து இறங்கிய வணிகர்களின் சண்டைகளை யார் தீர்த்துவைத்தார்கள் என்று அந்த ஊர் வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மனு எழுதுகிறவனுக்கு முக்கியமானது 36ஆவது பிரிவு. ஒருவர் அயல்நாட்டில் கைது செய்யப்பட்டால், 'என் நாட்டுக் கான்சலுக்குத் தெரிவியுங்கள்' என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதை அவருக்குத் தாமதமின்றி எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை கைது செய்தவர்களுக்கு உண்டு. அவர் எழுதும் கடிதத்தைக் கான்சலிடம் சேர்க்க வேண்டும். கான்சல் அலுவலர் சிறைக்குச் சென்று அவரைப் பார்க்கவும், பேசவும், அவருக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யவும் உரிமை உண்டு. கைதானவர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவர் தலையிடக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இவ்வளவுதான் அவருடைய கையில் உள்ள ஆயுதம். வழக்கில் வாதாடுவது, சாட்சியைக் கலைப்பது, நீதிபதியிடம் சிபாரிசு செய்வது ஆகியவை அவருடைய வேலையில் சேராதவை. தான் இருக்கும் நாட்டின் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும் என்று 55ஆவது பிரிவு அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இது நடக்கும் விதத்தைத் திரும்பி வந்தவர்கள் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். கடற்படை பிடித்த படகையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுபோய், அங்குள்ள கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைப்பார்கள். திணைக்களம் அவர்களை ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, மல்லாகம், மன்னார் போன்ற இடங்களில் உள்ள நீதவான் முன் நிறுத்தும். நீதவான் விளக்கமறியலில் வைக்கச் சொல்வார். இங்கே ஓர் இடைக்குறிப்பு: நம் 'மாஜிஸ்திரேட்' அங்கே நீதவான், நம் 'ரிமாண்ட்' அங்கே விளக்கமறியல், நம் 'துறை' அங்கே திணைக்களம். இரண்டு கரையிலும் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் அந்தக் கரையிலிருந்து வரும் செய்தியைப் படித்துவிட்டு, 'விளக்கம் கேட்டு விட்டுவிடுவாங்க போல' என்று விளக்கமறியலுக்குப் பொருள் கொண்ட ஒருவரிடம், அது சிறைதான் என்று சொல்ல வேண்டிய நிலை எனக்கு ஒருமுறை ஏற்பட்டது. அன்றிலிருந்து அந்தச் சொற்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

சிறையில் அடைத்த பின்பு இந்திய அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். பெயர், ஊர், தகப்பனார் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்வார். உடுத்த மாற்றுத்துணி, சோப்பு, பற்பசை போன்ற அன்றாடப் பொருள்கள் அவர்கள் வழியாகக் கிடைக்கும். வழக்கறிஞர் ஏற்பாடாவார். கடலில் பிடிபட்ட உடம்போடு, கைலியும் பனியனுமாக நிற்பவருக்கு அந்த மாற்றுத்துணி எவ்வளவு பெரிது என்பதை அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். மீனவர் விடுதலையான பிறகும் அந்த அலுவலருடைய வேலை முடிவதில்லை. நம் மீனவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. கொழும்பை அடுத்த மிரிஹான முகாமில் தங்கவைக்கப்பட்டு, விமானத்தில் சென்னைக்கு வர வேண்டும். அதற்கு அவர் இந்தியக் குடிமகன்தான் என்று உறுதிசெய்து, ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை ஹைகமிஷன் கொடுக்கும். வளைகுடாவில் இருப்பவர்கள் 'அவுட்பாஸ்' என்று சொல்வது இதைத்தான். ஆதார் எண்ணும் மீனவர் அடையாள அட்டை எண்ணும் மனுவில் தெளிவாக இருந்தால் இந்த உறுதிசெய்யும் வேலை விரைவாகும். நான் முன்பு எழுதிய உருக்கமான மனுக்களில் அந்த எண்கள் கடைசிப் பக்கத்தில், மங்கலான நகலில், ஒரு மூலையில் இருந்தன.

வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது அந்த நாட்டின் சட்டம். அயல்நாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இலங்கையில் உண்டு. 2018இல் அதைத் திருத்தி, படகின் நீளத்துக்கு ஏற்ப அபராதத்தைப் பெரிதாக உயர்த்திவிட்டார்கள். முதல் முறை சிக்கியவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் முறை சிக்கினாலோ படகை ஓட்டிய டிரைவராக இருந்தாலோ உள்ளே இருக்க வேண்டியதுதான். படகு வேண்டும் என்றால் உரிமையாளரே நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். இதில் எதையும் கான்சல் மாற்ற முடியாது. கடலடியை வாரி இழுக்கும் நம்முடைய இழுவைமடி வலை அந்தக் கரைத் தமிழ் மீனவர்களின் வலையையும் கடலடியையும் என்ன செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. நான் இங்கே அதற்குள் போகவில்லை, ஆனால் அந்தக் கேள்வி நீதவானின் மேசையிலும் இருக்கிறது என்பதை மனு எழுதவருகிறவர்களிடம் மறைப்பதும் இல்லை. கச்சத்தீவு பற்றிய 1974, 1976ஆம் ஆண்டு உடன்பாடுகளும் அப்படியே. அவை அரசும் அரசும் பேச வேண்டியவை. கான்சலுக்கு எழுதும் மனுவில் அவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால், அலுவலர் மூன்றாவது பக்கத்தில் இருக்கும் கைதியின் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

கான்சலின் வேலை எங்கே முடிந்து, அரசின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை எங்கள் ஊர் ஒருமுறை கண்ணெதிரே பார்த்தது. 2011 நவம்பரில் பிடிபட்ட 5 மீனவர்களுக்கு, போதைப்பொருள் வழக்கில் 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அன்று தங்கச்சிமடம் கொதித்தது. அந்த வழக்கில் மேல்முறையீடு செய்ய ஹைகமிஷன் ஏற்பாடு செய்தது. அது அவர்களுடைய கடமையின் எல்லைக்குள் இருந்த வேலை. தண்டனை நீங்கியதோ, அரசுகள் பேசி, இலங்கை ஜனாதிபதி மன்னிப்பு வழங்கியதால்தான். நவம்பர் 19 அன்று அவர்கள் வெளியே வந்தார்கள். மூன்று வாரங்களுக்குள் நடந்தது அது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் நடந்த சிறைச் சந்திப்புகளையும் வழக்கறிஞர் ஏற்பாடுகளையும் பற்றி யாரும் போஸ்டர் ஒட்டவில்லை.

கைதியைச் சந்திக்கும் உரிமையை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு குல்பூஷண் ஜாதவ் என்ற இந்தியரின் வழக்கு நல்ல பாடம். பாகிஸ்தான் 2016இல் அவரைக் கைது செய்தது. மறு ஆண்டு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்திய அலுவலர்கள் அவரைப் பார்க்க அனுமதிக்கப்படவில்லை. இந்தியா தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 36ஆவது பிரிவு பொருந்தாது என்பதும், 2008இல் இரு நாடுகளும் செய்துகொண்ட தனி உடன்பாடே போதும் என்பதும் பாகிஸ்தானின் வாதங்கள். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. 2019 ஜூலை 17 அன்று, 15க்கு 1 என்ற பெரும்பான்மையில், பாகிஸ்தான் உடன்படிக்கையை மீறியது என்று சொல்லி, தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. ஆனால் விடுதலை செய் என்று சொல்லவில்லை. பன்னாட்டு நீதிமன்றத்தாலேயே அது முடியவில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு கான்சல் அலுவலரால் எப்படி முடியும் என்று நான் கேட்கும்போது, கடைக்கு வருகிறவர்களுக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிடுகிறது. அந்த 2008 உடன்பாட்டிலும் ஒரு நல்ல அம்சம் உண்டு: ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் தங்கள் சிறைகளில் இருக்கும் மற்ற நாட்டவரின் பட்டியலை, மீனவர்கள் உட்பட, இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன.

கான்சல்களுக்குச் சட்ட நடவடிக்கை எதிலிருந்தும் விலக்கு உண்டு, அவர்களை யாரும் தொட முடியாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. தூதருக்கு உள்ள அளவு பாதுகாப்பு கான்சலுக்கு இல்லை. அலுவல் தொடர்பான செயல்களுக்கு மட்டுமே விலக்கு. கடுமையான குற்றமானால், நீதிமன்ற உத்தரவோடு கைது செய்யலாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியாவின் துணை கான்சல் ஜெனரல் கைதானதும், பிறகு ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு அவரை மாற்றி முழு விலக்கு பெற முயன்றதும் இந்த வேறுபாட்டினால்தான்.

எங்கள் மாவட்டத்தில் கடலுக்குப் போகிறவர்களைப் போலவே கடலைக் கடந்து போகிறவர்களும் ஏராளம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, ஏர்வாடி என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் ஓர் ஆள் இல்லாத தெரு இல்லை. அங்கிருந்து வரும் மனுக்களில் கனமானது மரணம் பற்றியது. ஒருவர் அங்கே இறந்தால், அந்நாட்டு மரணச் சான்று, காவல் துறையின் அறிக்கை, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று ஆகியவற்றோடு இந்தியத் தூதரகம் கொடுக்கும் ஆட்சேபணையின்மைச் சான்றும் இருந்தால்தான் உடல் விமானத்தில் ஏறும். உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்பதற்குக் குடும்பத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு, 2009இல் உருவான இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவலாம்.

இதில் ஒரு குற்றம் என்னுடையது. சவூதியில் இறந்த ஒருவருக்காக அவருடைய மனைவியின் சம்மதக் கடிதத்தை நான் எழுதினேன். குடும்ப அட்டையைப் பார்த்து, இன்ஷியலோடு பெயரை எழுதினேன். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் கிடையாது. தகப்பனாரின் முழுப் பெயர் பின்னால் குடும்பப் பெயராக நின்றது. இரண்டும் ஒரே ஆள்தானா என்று அங்கிருந்து கேட்டு அனுப்பினார்கள். திருத்திய கடிதம் போய்ச் சேர 9 நாள்கள் வீணாயின. அந்த 9 நாள்களும் அந்த வீட்டின் முன் போட்ட பந்தல் பிரிக்கப்படவில்லை. அதன் பிறகு, பாஸ்போர்ட்டின் நகலைக் கண்முன் வைக்காமல் ஒரு எழுத்தும் எழுதுவதில்லை. அது இல்லை என்றால், புறப்படும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய விசாத் தாளையாவது தேடி எடுக்கச் சொல்கிறேன்.

பிறப்பும் உண்டு. அயல்நாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ கான்சல் அலுவலகத்திலோ பதிய வேண்டும் என்பது குடியுரிமைச் சட்டம். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பள்ளியில் சேர்க்கும்போது தவிப்பவர்கள் கீழக்கரைப் பக்கம் உண்டு.

இதே உடன்படிக்கை நம் கரையிலும் திரும்பி நிற்கிறது. எல்லை தாண்டி வந்து நம் கடலோரக் காவல் படையிடம் சிக்கும் இலங்கை மீனவருக்கு, சென்னையிலுள்ள இலங்கை அலுவலகம் பற்றிச் சொல்ல வேண்டிய கடமை நம் காவல் துறைக்கு உண்டு. இலங்கை அகதிகள் வாழும் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை இலங்கைக் குடிமக்களாகப் பதிவதும், ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்களுக்குப் பயணக் காகிதம் கொடுப்பதும் அதே அலுவலகம்தான். முகாமிலிருந்து வருகிறவர்களுக்கும் நான் மனு எழுதியிருக்கிறேன். அவர்கள் சொல்லும்போதே சரியாகச் சொல்வார்கள்: இன்ன அலுவலகம், இன்ன படிவம், இன்ன சான்று. காகிதத்தின் அருமையை அவர்களைப் போல அறிந்தவர்கள் இந்தத் தீவில் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனுவுக்கு வருகிறேன். முதல் வரியில் கணவரின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், படகின் பதிவு எண், புறப்பட்ட நாள், நேரம். அடுத்து மூன்றே கோரிக்கைகள்: அவரைச் சந்தித்து உடல்நிலையைத் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞர் உதவி வேண்டும், இணைத்துள்ள சான்றுகளைக் கொண்டு குடியுரிமையை உறுதிசெய்ய வேண்டும். ஒரே பக்கம். யாழ்ப்பாணத்திலுள்ள இந்திய அலுவலகத்துக்கு முகவரியிட்டு, மீன்வளத் துறைக்கும் கலெக்டருக்கும் நகல் போட்டேன். 'விடச் சொல்லி எழுதலையே' என்று அவர் கேட்டார். விளக்கினேன். முழுதாக ஒப்புக்கொள்ளாமலேதான் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் மீண்டும் வந்தார். சிறைக்குப் போய்வந்த அலுவலர் வழியாகச் செய்தி வந்திருந்தது. ஆள் நலமாக இருக்கிறார். பிடிபட்டபோது கண்ணாடி உடைந்துவிட்டது. அது இல்லாமல் எதையும் படிக்க முடியவில்லை. வழக்கறிஞர் காட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. பாம்பனில் நடந்த கண் முகாமில் கொடுத்த சீட்டை அந்த அம்மா தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. பவர் எழுதிய இடம் மட்டும் தெளிவாக இருந்தது: இரண்டு கண்ணுக்கும் +2.50. அதை வெள்ளைத்தாளில் வைத்து ஒட்டி, இரண்டு நகல் எடுத்து, முந்தைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டு, அதன் கீழே நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்.